பள்ளி முடிந்த அடுத்த திங்கட்கிழமை

பள்ளியில் விழா நடத்தி, சால்வை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு எங்கள் மகன் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, ஷூ மாட்டிக்கொண்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். வேன் வரவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. பையைத் தூக்கித் தெருவில் எறிந்தான். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். "ஸ்கூல் முடிஞ்சுபோச்சு கண்ணா" என்று நான் சொன்னதெல்லாம் அவன் காதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்கிற பேச்சாகவே விழுந்தது. வெள்ளிக்கிழமை முடிந்தால் திங்கள் திறக்கும், அவ்வளவுதானே?

அப்போது அவனுக்கு 18. இப்போது 25. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி கற்றுத்தந்த பாடங்களைவிட, அது தந்த காலை ஒன்பதரை மணி பெரிய விஷயம் என்று எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது. போக ஓர் இடம், எதிர்பார்க்க ஒரு முகம், அவன் இல்லாத ஆறு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த மூச்சு எல்லாம் ஒரே நாளில் போயின. மிச்சம் இருந்தது வீடு, கட்டில், செல்போன்.

வீட்டில் 15, 16 வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகன் சில சொற்கள்தான் பேசுவான். நன்றாகப் பேசி, கல்லூரி போய், ஆனாலும் தனியாக ஒரு நண்பனைப் பிடிக்கத் தெரியாமல் தவிக்கிற பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வழி இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிற படிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு நோட்டு வாங்குங்கள்

பள்ளி முடிய இரண்டு, மூன்று வருடம் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். நான் தொடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு நாள் முழுக்க, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை, உங்கள் பிள்ளைக்கு உங்கள் கையால் செய்து தருகிறவற்றை எழுதுங்கள். பேஸ்ட் பிதுக்குவது, தண்ணீரின் சூடு பார்ப்பது, பேன்ட் ஜிப் போடுவது, தட்டில் எடுத்து வைப்பது, மீன் முள் எடுப்பது, விளக்கணைப்பது. எனக்கு 38 வந்தது. அதில் பாதியாவது அவனே செய்யக்கூடியவை. அவசரத்துக்கு நான் செய்யப்போய், அப்படியே வழக்கமாகிவிட்டவை.

அந்தப் பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். மூன்றுக்கு மேல் எடுத்தால் ஒன்றும் நடக்காது, உங்களுக்கும் அலுத்துவிடும். எதை எடுப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்று உண்டு: வேறொருவர் செய்துவிட்டால் அவனுக்கோ அவருக்கோ கூச்சமாக இருக்கும் காரியம் முதலில். கழிப்பறை, குளியல், உள்ளாடை, ஷேவிங், பெண் பிள்ளை என்றால் நாப்கின் மாற்றுவது. கணக்கும் ஆங்கிலமும் பிறகு வரட்டும்.

கற்றுத்தரும் முறையில் சிறப்பாசிரியர்கள் சொல்லும் ஒரு தந்திரம் உண்டு. வேலையைத் துண்டு துண்டாக்கி, கடைசித் துண்டை முதலில் கொடுப்பது. தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் நான் மாவு ஊற்றி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு, அடுப்பையும் அணைத்துவிடுவேன். வெந்த தோசையைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைப்பது மட்டும் அவன் வேலை. தோசை தட்டில் விழுந்ததும் சாப்பிடலாம். அதாவது அவன் தொட்ட துண்டோடு வேலை வெற்றியாக முடிகிறது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு எடுப்பது. அப்புறம் திருப்பிப் போடுவது. இப்படியே பின்னோக்கிப் போய் மாவு ஊற்ற வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதல் துண்டிலிருந்து தொடங்கியிருந்தால், பாதியில் நான் வாங்கிச் செய்து முடித்திருப்பேன். அவன் எந்த நாளும் முடித்த சுகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

படம் ஒட்டுவதாக இருந்தால் இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் வேண்டாம். உங்கள் வீட்டுக் குளியலறையை, உங்கள் வீட்டு வாளியை, செல்போனில் படம் எடுத்து ஒட்டுங்கள். பேச்சு குறைவான பிள்ளைகளுக்குப் படங்களைத் தொட்டால் குரலாகச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் பேசும். 18 வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். வயிறு வலிக்கிறது, வேண்டாம், போதும் ஆகிய மூன்றையும் யாரிடமும் எப்படியாவது சொல்லத் தெரிவது எந்தப் பட்டப்படிப்பையும்விடப் பெரியது.

இரண்டாம் படி: 18 வயதுக் காகிதங்கள்

அலுவலகங்களுக்கு அலைவதைப் பள்ளி நாள்களிலேயே முடித்துவிடுவது நல்லது. பிள்ளை பள்ளியில் இருக்கும்போது உங்களுக்கு ஆறு மணி நேரம் கையில் இருக்கிறது. பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சிறு வயதில் வாங்கிய சான்றிதழில் புதுப்பிக்க வேண்டிய தேதி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்பவர்கள் உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார்கள். அங்கே போனதும் நம்மில் பலருக்கும் பிள்ளையைப் பற்றிப் பெருமை வந்துவிடுகிறது. "எல்லாம் அவனே பண்ணிக்குவான் சார்." பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக நினைவூட்டினால் பண்ணுவான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அந்த 38 வரிப் பட்டியலைக் கையில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.

ஆதார், பான், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். இன்ஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்து நாங்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். வங்கியில் மைனர் கணக்கு 18 வயதில் அவன் பெயருக்கு மாற வேண்டும். அங்கேதான் முதன்முதலாகக் கேட்பார்கள்: "லீகல் கார்டியன் சர்டிஃபிகேட் இருக்கா?"

பெற்ற பிள்ளைக்கு நானே காப்பாளர் என்று விண்ணப்பம் போட வேண்டுமா என்று எல்லாத் தாய்மார்களுக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. சட்டப்படி 18 வயது ஆனவுடன் அவன் முழு மனிதன், நமக்கு அவன் சார்பில் கையெழுத்துப் போட உரிமை இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எங்கே என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். காப்பாளர் ஆனபின் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்ததோடு இதையெல்லாம் மறந்துவிடுகிறவர்கள் பலர்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டுமா? 2016 சட்டம் இன்னொரு பாதையையும் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களைப் போலச் சட்டத் தகுதி உண்டு என்கிறது அது. முடிவை அவரோடு சேர்ந்து எடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையையும் சொல்கிறது. உங்கள் மகளுக்கு நிதானமாக விளக்கிச் சொன்னால் புரிந்து கையெழுத்துப் போட முடியும் என்றால், வங்கி மேலாளர் ஒருவர் கேட்டார் என்பதற்காக அவசரப்பட்டு முழுக் காப்பாளர் உரிமைக்குப் போகாதீர்கள். ஒரு முறை எழுதிவிட்டால் எல்லா இடத்திலும் அவளைத் தாண்டி உங்களிடமே பேசுவார்கள். என் மகன் விஷயத்தில் வாங்கினேன், வருத்தமில்லை. தோழி ஒருத்தி வாங்கவில்லை. அவள் மகள் இன்று தன் ஏ.டி.எம். அட்டையைத் தானே பயன்படுத்துகிறாள்.

மற்றவை வேகமாக: தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். வருடா வருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. குறைபாட்டின் வகையையும் சதவீதத்தையும் பார்த்துத் தருவார்கள். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் துணைக்கு வருபவரோடு இலவசப் பயணம் உண்டு. பழைய வரிமுறையில் வருமான வரி கட்டும் பெற்றோருக்கு 75,000 ரூபாய்க் கழிவு, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியர் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதியக் காகிதங்களில் பிள்ளையின் பெயரும் சான்றிதழும் ஏறியிருந்தால், பின்னால் வருபவர்கள் அலைய வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு வாரத்தைக் கட்டுங்கள்

இதுதான் அடிப்படை. "அடுத்து என்ன கோர்ஸ்?" என்று கேட்பதற்கு முன் "அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவன் எங்கே இருப்பான்?" என்று கேளுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் ஏழு கட்டம் போடுங்கள். அதில் வாரத்துக்கு மூன்று இடமாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்று இடத்திலும் வெவ்வேறு ஆள்கள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மையத்தில் வைத்தால், அந்த மையம் மூடிய அன்று மறுபடி வாசற்படிதான். எங்கள் கட்டங்கள் இப்போது இப்படி இருக்கின்றன: திங்கள், புதன், வெள்ளி காலை வேலை. செவ்வாய், வியாழன் பகல்நேர மையம். ஐந்து நாளும் காலை ஆறு மணிக்கு நடை, சனிக்கிழமை நீச்சல். ஞாயிறு காலை அப்பாவோடு சந்தை. பை தூக்குவது அவன், காய் பொறுக்குவதும் அவன், பேரம் மட்டும் அவர். உடம்பு களைக்கிற வேலை தினமும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரவு தூக்கம் போகும், தூக்கம் போனால் வீடே போகும்.

வீட்டு வேலையையும் கட்டத்தில் போடுங்கள். சும்மா பழக்கத்துக்காகக் கொடுக்கும் வேலை அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே மடித்த துணியை உதறி மறுபடி மடிக்கச் சொன்னபோது என் மகன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். தண்ணீர் கேன் மாற்றுவது அவன் வேலை. அவன் மாற்றாவிட்டால் வீட்டில் யாருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. அது உண்மையான வேலை.

பகல்நேர மையம், தொழிற்பயிற்சி மையம் தேடும்போது காலை பத்தரைக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா மையமும் அழகாக இருக்கும். மதியம் இரண்டரைக்குப் போங்கள். மேசையில் தலை வைத்து எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், டி.வி. ஓடுகிறதா, பணியாளர் கையில் செல்போன் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறையைப் பார்க்கக் கேளுங்கள். 30 வயதுக்காரரை "பேபி", "குழந்தை" என்று கூப்பிட்டால் காதில் வாங்கி வையுங்கள். ஒருவருக்குக் கோபம் வந்து கத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், "எங்ககிட்ட வந்தா அதெல்லாம் வராதுங்க" என்பது பதிலாக இருந்தால் கிளம்பிவிடுங்கள். சொல்லாமல் எந்த நாளும் வந்து பார்க்கலாமா? இதற்குத் தயங்குகிற இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு கேள்வி: இங்கே செய்யும் பொருளை யார் வாங்குகிறார்கள்? காகிதப் பை, மெழுகுவர்த்தி, அகல் விளக்குக்கு வண்ணம். நம் பிள்ளைகளின் கைக்கு இவை மட்டும்தான் பொருந்தும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. உண்மையிலேயே விற்கிறார்கள், பணம் பிள்ளைகளுக்குப் போகிறது என்றால் நல்லது. வருடக்கணக்காக அடுக்கி வைத்த மெழுகுவர்த்திகளைப் பார்த்தால், அங்கே நேரம் போக்குகிறார்கள் என்று பொருள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். 2005-இல் தொடங்கிய நிறுவனம். மதிப்பீடும் தொழிற்பயிற்சி வழிகாட்டுதலும் கிடைக்கும். தொலைவில் இருப்பவர்களுக்கும் ஒரு பயணம் வீண்போகாது.

நான்காம் படி: படிப்பும் வேலையும்

படிக்கக்கூடிய பிள்ளைகள் படிக்கட்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக, ஒரு தேர்வுக்கு ஒன்றிரண்டு பாடம் என்று நிதானமாக எழுதலாம். கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதித் தருபவரும் கேட்டுப் பெறலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் இடம் கிடைப்பதோடு கதை முடிவதில்லை. பாடத்தில் தடுமாறாத பிள்ளை கேன்டீன் சத்தத்தில் தடுமாறும், திடீரென்று மாறும் டைம்டேபிளில் தடுமாறும். சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்து, ஒரே பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதாமல் பிள்ளையையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. "நான் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டாலும் கவனிக்கிறேன். வகுப்பு மாறினால் முன்பே சொல்லுங்கள். அதிகம் சத்தமானால் பத்து நிமிடம் நூலகத்துக்குப் போய் வருவேன்." போதும். ஆட்டிசம் பற்றிய நீண்ட கட்டுரையைக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வேலைக்கு வருவோம். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். போட்டித்தேர்வு எழுத முடிந்தவர்கள் விடக் கூடாது. பெரிய கணினி நிறுவனங்களிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2013-இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் பெங்களூரு அலுவலகமும் இருந்தது. ஆனால் உறவினர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் "ஆட்டிசம் உள்ளவர் எல்லாம் ஜீனியஸ்" வகைச் செய்திகளைப் பார்த்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு வேலை என்பது வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், தெரிந்தவர் கடையில் கிடைப்பதுதான்.

நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் இரண்டு இடத்தில் ஏமாந்தோம். ஓர் இடத்தில் "பயிற்சி" என்று பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள், ஒரு ரூபாய் தரவில்லை, கேட்டபோது "நீங்கதான் எங்களுக்குக் கட்டணும்" என்றார்கள். அப்புறம் வழியை மாற்றினோம். "என் மகனுக்கு வேலை தருவீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, தெரிந்த கடைக்காரர்களிடம் "உங்கள் கடையில் யாரும் செய்ய விரும்பாத, தினமும் அதே மாதிரி வரும் வேலை எது?" என்று கேட்டோம். எல்லோரிடமும் ஒன்று இருந்தது. மளிகைக்கடையில் ஒரு கிலோ, அரைக் கிலோ பொட்டலம் போடுவது. ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கி ஸ்பைரல் போடுவது. நர்சரியில் பைகளில் மண் நிரப்புவது. மருந்துக்கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்குவது. என் மகன் மளிகைக்கடையில் சேர்ந்தான். எடையில் ஐந்து கிராம் கூடினாலும் அவனால் பொறுக்க முடியாது. ஊரில் இதைப் பிடிவாதம் என்பார்கள், கடைக்காரர் "நம்ம பசங்கள்ல எவனுக்கும் இது கிடையாதும்மா" என்றார்.

நேர்காணல் வேண்டாம், ஒரு வாரம் வேலை செய்து காட்டட்டும் என்று கேளுங்கள். முதல் மாதம் நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். கூட ஒருவர் நிற்க வேண்டும். அது அம்மாவாக இருக்கக் கூடாது. அம்மா நின்றால் கடைப் பையன்கள் எல்லாவற்றையும் அம்மாவிடமே சொல்வார்கள், அவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான். நாங்கள் ஒரு சிறப்புக்கல்வி மாணவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து நிற்கவைத்தோம். முதல் வாரம் பக்கத்தில், இரண்டாம் வாரம் கல்லாப்பெட்டியருகே, நான்காம் வாரம் எதிர் டீக்கடையில்.

கடைக்காரரிடம் சொன்னவை நான்கே. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நேரம் கழிச்சு" என்று சொல்லாதீர்கள், "பத்து பொட்டலம் முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள். காதைப் பொத்திக்கொண்டால் பின்வாசலில் போய் நிற்க விடுங்கள், அவனே திரும்பி வருவான். பணத்தை அவன் கையிலேயே கொடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் மாதச் சம்பளம் சொற்பம்தான். அதில் அவனே மூன்று ஐஸ்கிரீம் வாங்கி, மூன்றையும் அவனே சாப்பிட்டான்.

ஐந்தாம் படி: வளர்ந்த உடம்பு

இந்தப் பகுதியை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. குடும்பத்தில் பேசக் கூச்சம், மருத்துவர் அறையில் நேரம் இல்லை.

வளரும் பருவத்தில் சிலருக்கு முதன்முறையாக வலிப்பு வரலாம். சிறு வயதில் இல்லாதவர்களுக்கும் வரலாம். கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவது, திடீரென்று சில நொடி விட்டுப்போவது போன்றவற்றைக் கண்டால் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று கையைக் கடித்துக்கொண்டால், அடிக்க வந்தால், "ஆட்டிசம் அதிகமாயிடுச்சு" என்று மாத்திரைக்கு ஓடுவதற்கு முன் பல், காது, மலச்சிக்கல், அல்சர் ஆகிய நான்கையும் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாத ரகளைக்குக் காரணம் ஒரு கடைவாய்ப்பல். நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வருவதுண்டு. அறைக்குள்ளேயே கிடப்பதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

அந்தரங்க விஷயங்களை நேரடியாகச் சொல்லித்தர வேண்டும். உடம்பின் எந்தப் பகுதி யாருக்குத் தெரியலாம், யார் தொடலாம், எப்போது தொடலாம். சுயஇன்பம் இயல்பானது. அதைத் தண்டித்து நிறுத்த முடியாது, இடத்தைத்தான் கற்றுத்தர முடியும். உன் அறை, கதவைச் சாத்தி, தனியாக. வார்த்தைகள் இவ்வளவுதான். அப்பா இதைச் சொல்லித்தர முன்வராவிட்டால் வேறு ஆண் ஒருவரைத் தேடுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். பெரியப்பா, மாமா என்று எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் பழக்கத்தைப் பத்து வயதிலேயே கைகொடுப்பதாக மாற்றுங்கள். 20 வயதுப் பையன் பேருந்தில் பக்கத்துப் பெண்ணின் கூந்தலைத் தொட்டால் யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சட்டைப்பையில் அடையாள அட்டையின் நகலும் உங்கள் எண்ணும் எப்போதும் இருக்கட்டும். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஒரு முறை பிள்ளையோடு போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். நாங்கள் போனபோது அவன் அங்கிருந்த எழுத்தரின் மேசையில் பேனாக்களை நேராக அடுக்கி வைத்துவிட்டு வந்தான். இன்றுவரை அவர் தெருவில் பார்த்தால் கையசைப்பார்.

வெளியிடத்தில் கட்டுக்கடங்காமல் போனால் பேச்சைக் குறையுங்கள். கேள்வி கேட்காதீர்கள், ஆபத்து இல்லையென்றால் பிடித்து அமுக்காதீர்கள். கூட்டத்தை விலக்க ஓர் ஆளைப் பிடியுங்கள். அடங்கிய பிறகு, அன்றிரவு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பத்துக் குறிப்பு சேர்ந்தால் காரணம் தானே தெரியும்.

ஆறாம் படி: நான் இல்லாத இரவுக்கு ஒத்திகை

"எனக்குப் பிறகு யார்?" என்ற கேள்வியை எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள், உடனே எல்லோரும் அழுவோம், டீ வரும், கலைவோம். அதைக் காரியமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பணம்: உயில் எழுதுங்கள். கணக்குகளில் நாமினி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டியவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. பிள்ளையால் கையாள முடியாது என்றால், அவன் நலனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளை அமைத்து, இரண்டு அறங்காவலர்களையாவது போட்டு, சொத்தை அதில் வைக்கலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டும். அண்ணன், தம்பி, தங்கையிடம் பேசுங்கள். "நீதான் பார்த்துக்கணும்" என்று ஆணையிடாமல், "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். மகள் எங்களிடம் சொன்னாள்: கணக்கு வழக்கு நான் பார்ப்பேன், கூடவே வைத்துக்கொள்ள என்னால் முடியாது. கேட்டபோது வலித்தது. ஆனால் அதை வைத்துத்தான் மற்றதைத் திட்டமிட முடிந்தது. பெரியவர்களுக்கான இல்லங்களை அவசரம் வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். மதியம் இரண்டரை மணி விதி அங்கேயும் பொருந்தும்.

ஆள்: முதல் படியில் வாங்கிய நோட்டு இப்போது பயன்படும். அவனைத் தெரியாத ஒருவர் அவனுடைய ஒரு நாளை நடத்தும் அளவுக்கு எழுதுங்கள். எந்த டம்ளர், எந்தப் பக்கம் படுப்பான், எந்த மாத்திரை, எதைச் சொன்னால் கோபம், எந்தப் பாட்டுக்கு அடங்குவான், கரண்டு போனால் என்ன செய்ய வேண்டும். பிறகு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள், அவன் அல்ல. ஓர் இரவு போதும்.

போன வருடம் நானும் கணவரும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் தம்பி வந்து தங்கினான். இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன். "அக்கா, நோட்டுல இருக்கறதெல்லாம் பண்ணிட்டேன். மாமாவைப் போ போங்கறான். படுக்க மாட்டேங்கறான்." ஒவ்வொன்றாகக் கேட்டேன். விளக்கு? அணைச்சாச்சு. ஃபேன்? மூணுல இருக்கு. தண்ணி? வச்சாச்சு. ஒன்றும் புரியவில்லை. அரைமணி நேரம் கழித்து தம்பியே மறுபடி கூப்பிட்டான். வாசல் கதவுத் தாழ்ப்பாளை மகன்தான் போட வேண்டுமாம். தம்பி போட்டிருந்தான். திறந்துவிட்டு விலகி நின்றதும் வந்து போட்டுவிட்டுப் படுத்துவிட்டானாம். பதினைந்து வருடமாக அவன்தான் போடுகிறான். எனக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அடுத்த ஒத்திகை பொங்கல் விடுமுறையில், மூன்று இரவு.